ஆறு பல்லில் ஓர் ஆராய்ச்சி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பகலில் நடந்தால் தறிச்சத்தம் கூடவே வரும். குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்தவர் நாடாவை ஓட்டுகிறார். கரையைத் தனி நாடாவில் நெய்யும் கோர்வைச் சேலை என்றால் கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொருவரும் வேண்டும். நடுவில் இழை அறுந்தால் முடிபோட்டு நுனியை வெட்ட வேண்டும். கத்தரி கைக்கு எட்டவில்லையா? பல் இருக்கிறதே!

நூலைக் கடிக்கும் தையற்காரருக்கும், ஆணியை வாயில் கவ்வும் தச்சருக்கும் முன்பல் விளிம்பில் சிறு பள்ளம் விழும் என்கின்றன பல் மருத்துவப் பாடநூல்கள். பட்டு நெசவாளருக்கும் விழுகிறதா? தறியில் உட்கார்ந்தபடியே வெற்றிலை, புகையிலை போடுபவரின் ஈறு எப்படி இருக்கிறது? இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. வாய்க்கண்ணாடி, நல்ல பகல் வெளிச்சம், பொறுமையுள்ள ஒரு மாணவி போதும்.

அவர் எல்லாப் பல்லையும் பார்க்க வேண்டும் என்பதுகூட இல்லை. கிரீன், வெர்மில்லியன் என்ற இரு அமெரிக்கர்கள் 1964-இல் வகுத்த எளிய அளவுமுறையில் ஆறு பற்களைப் பார்த்தால் போதும். நான்கு கடைவாய்ப் பற்கள், மேலே ஒரு முன்பல், கீழே ஒரு முன்பல். அழுக்கே இல்லையென்றால் சுழியம். பல் பரப்பில் மூன்றில் ஒரு பங்குவரை படிந்திருந்தால் 1, மூன்றில் இரண்டு பங்குவரை 2, அதற்கும் மேலே போனால் 3. பல்லில் இறுகிக் கட்டிய காரைக்கும் இதேபோல் தனிக் கணக்கு உண்டு. கேட்கச் சுலபம்தான். நாற்பதாவது வாயைப் பார்க்கும்போதும் முதல் வாயைப் பார்த்த அதே கண்ணோடு பார்ப்பதுதான் கஷ்டம்.

மாணவர்கள் தயவில் கிடைத்த ஒரு பெரிய உண்மையையும் இங்கே சொல்ல வேண்டும். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 1965-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். அவர்களில் 9 பேர் முதலாண்டுப் பல் மருத்துவ மாணவர்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியானது. ஈறு அழற்சிக்குக் காரணம் பல்லில் படியும் அழுக்குத்தான் என்பது அப்படித்தான் உறுதியாயிற்று. மாணவர்கள் வாயைக் கொடுத்தார்கள். கட்டுரையில் அவர்கள் வெறும் எண்ணிக்கை.

இந்தியாவில் மாணவரையே ஆய்வாளராக ஏற்கும் ஏற்பாடு 1979-இல் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்குத் தரும் இரண்டு மாத ஆய்வு உதவித்தொகை அது. வழிகாட்டி ஒருவர் வேண்டும், நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ஆய்வறிக்கை ஏற்கப்பட்டால்தான் பணமும் சான்றிதழும். சால்வை போர்த்திக் கேடயம் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். எழுதி முடித்தால்தான் பரிசு என்பதால் எழுதக் கற்றுக்கொள்கிறார்கள்.

காஞ்சிச் சேலையில் கடையின் பெயர் இருக்கும், நெய்தவர் பெயர் இருக்காது. வீடு வீடாக ஏறி இறங்கிய மாணவியின் பெயரும் கட்டுரையில் அப்படி மறைந்துவிடக் கூடாது.

அந்த மாணவி எங்கிருந்து வருவார்? மேல்மருவத்தூரின் ஆதிபராசக்தி பல் மருத்துவக் கல்லூரி முன்பு காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2019-இல் மாவட்டம் பிரிந்தபோது செங்கல்பட்டுக்குப் போய்விட்டது. ஆய்வுக்கு மாவட்ட எல்லை கிடையாது, தறிக்கு வரப் பேருந்து இருக்கிறது.

இன்னொரு கூட்டத்தார் மாணவர் ஆய்வு என்ற பேச்சிலேயே வருவதில்லை. பல்லில் கட்டிய காரையைச் சுரண்டி எடுத்து, துலக்கும் விதம் சொல்லித்தரும் டென்டல் ஹைஜீனிஸ்ட்டுகள். அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட்டில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் 1913-இல் இவர்களுக்கென்றே பள்ளி தொடங்கினார். 1927 முதல் அங்கே இவர்களுக்குத் தனி ஆய்விதழே வருகிறது. நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் இவர்களுக்குத் தனிப் பதிவேடு வைத்தது. ஆனால் இரண்டாண்டு டிப்ளமோ படிக்கும் ஹைஜீனிஸ்ட் மாணவர் மேலே சொன்ன உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியாது. இத்தனைக்கும் ஈறோடு அதிக நேரம் இருப்பவர் அவர்தான்.

கணக்கெடுப்பு முடிந்து மாணவி படிவத்தை மடிக்கும்போது, நாடாவை நிறுத்தாமலே பெரியவர் கேட்பார்: “எழுதிக்கிட்டுப் போறியே தாயி, என் பல்லு எத்தனை மார்க்குன்னு சொல்லிட்டுப் போ.”