தொலைநோக்கியும் எண்ணும் பொறியும்

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சென்ற திங்கள் என் வகுப்பறையில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்குகின்றேன். மாணாக்கன் ஒருவன் கட்டுரை ஒன்றை எழுதிக் கொணர்ந்தான். அதில் ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. நடை செம்மையாக இருந்தது. மகிழ்ச்சியோடு, அதில் வந்த ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டேன். தலை குனிந்து நின்றான். "ஐயா, இதைக் கைப்பேசியில் கேட்டு வாங்கினேன்" என்றான். உண்மையைச் சொன்னானே என்று அவனை நான் கடியவில்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முப்பது ஆண்டுகளாகக் கட்டுரை திருத்தி வருபவன் நான். பிழையுள்ள கட்டுரையைத் திருத்தத் தெரியும். எழுதியவனே இல்லாத கட்டுரையை எங்ஙனம் திருத்துவது?

இவ்வினா என் வகுப்பறையோடு நிற்கும் வினா அன்று. உரோமை நகரிலுள்ள வத்திக்கனிலும் இதே வினா எழுந்துள்ளது. அறிவியல், அரசியல், தொழில்நுட்பம், கிறித்தவம் என்னும் நான்கும் ஒரே இடத்தில் வந்து கூடிய செய்தி அது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

புதிய திருத்தந்தையின் பெயர்

2025ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிசு மறைந்தார். மே 8ஆம் நாள் கருதினால்கள் கூடிப் புதிய திருத்தந்தையைத் தேர்ந்தெடுத்தனர். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று, பெரு நாட்டில் நெடுங்காலம் தொண்டாற்றியவர் அவர். திருத்தந்தையாக அமர்பவர் புதுப்பெயர் சூடிக்கொள்வது மரபு. அவர் பதினான்காம் இலியோ என்னும் பெயரை ஏற்றார். இலியோ என்றால் அரிமா என்று பொருள்.

ஏன் இப்பெயர்? இரண்டு நாள் கழித்துக் கருதினால்களிடம் அவரே கரணியம் கூறினார். பதின்மூன்றாம் இலியோ முதல் தொழிற்புரட்சிக் காலத்தில் உழைப்பாளர் நிலை குறித்துப் பேசினார். இன்றோ செயற்கை நுண்ணறிவால் மற்றுமொரு தொழிற்புரட்சி எழுந்துள்ளது. மாந்த மாண்பையும் நேர்மையையும் உழைப்பையும் காக்க வேண்டிய புதிய கடமை வந்துள்ளது என்பது அவர் கூற்றின் சாரம். இரண்டாயிரம் ஆண்டுப் பழைமை பேசும் ஒரு சமய நிறுவனத்தின் தலைவர், ஒரு பொறியை எண்ணித் தம் பெயரைத் தேர்ந்தார் என்பது சிறு செய்தியா?

1891இல் நடந்த இரண்டு

அந்தப் பதின்மூன்றாம் இலியோ யார்? 1878 முதல் 1903 வரை திருத்தந்தையாக இருந்தவர். அவர் 1891ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் "இரேரும் நோவாரும்" என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். ஆலைகள் பெருகிய ஐரோப்பாவில் உழைப்பாளர் பட்ட துன்பத்தைப் பற்றியது அது. உழைப்பவன் தன் குடும்பத்தோடு வாழப் போதிய கூலி பெறல் வேண்டும், உழைப்பாளர் தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொள்ளும் உரிமையுடையர், உடலும் உள்ளமும் முதிராத சிறுவர்களை ஆலைக்கு அனுப்பலாகாது, எளியோரைக் காப்பது அரசின் கடமை என்றெல்லாம் அது கூறிற்று. பொதுவுடைமைக் கோட்பாட்டை அம்மடல் மறுத்தது, தனியுடைமையை ஏற்றது. அதையும் நடுநிலையோடு சொல்ல வேண்டும்.

இதே 1891ஆம் ஆண்டில் அவர் மற்றொன்றும் செய்தார். வத்திக்கனின் விண்ணோக்கு நிலையத்தைப் புதுப்பித்து நிறுவினார். திருச்சபை அறிவியலுக்குப் பகை என்று உலகம் சொல்லிய பழியைத் துடைப்பதே அதன் நோக்கம். இன்று அந்நிலையத்தின் தலைமையிடம் உரோமைக்கு அருகே காசுட்டல் கந்தோல்போவில் உள்ளது. அதன் பெருந்தொலைநோக்கி அமெரிக்காவின் அரிசோனா மலையொன்றில் நிற்கின்றது.

பழியைத் துடைக்க வேண்டியிருந்தது என்றேன். அப்பழி எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போம்.

முழந்தாளிட்ட முதியவர்

1609ஆம் ஆண்டில் கலிலியோ தொலைநோக்கியை வானத்தின் பக்கம் திருப்பினார். நிலவில் மலைகளைக் கண்டார். 1610இல் வியாழனைச் சுற்றி நான்கு நிலவுகள் சுழல்வதைக் கண்டார். விண்ணில் உள்ளவை அனைத்தும் நம் நிலவுலகையே சுற்றவில்லை என்பதற்குக் கண்கண்ட சான்று கிடைத்தது. ஞாயிற்றை நிலவுலகம் சுற்றுகின்றது என்னும் கொப்பெர்னிக்கசின் கோட்பாட்டை அவர் வலியுறுத்தினார். 1616இல் திருச்சபை அக்கோட்பாட்டைத் தடுத்தது. 1632இல் அவர் இருபெருங் கோட்பாடுகள் பற்றிய உரையாடல் நூலை வெளியிட்டார். அந்நூலை அவர் கற்றோர் மொழியாகிய இலத்தீனத்தில் எழுதவில்லை, தம் மக்கள் பேசும் இத்தாலிய மொழியில் எழுதினார். மேலோர் மொழியில் பூட்டிக் கிடந்த அறிவு தெருவுக்கு வந்தது. ஆள்வோர்க்கு அச்சம் பிறக்க அதுவும் ஒரு கரணியம் என எண்ண இடமுண்டு.

1633ஆம் ஆண்டு சூன் 22ஆம் நாள், அறுபத்தொன்பது அகவை முதியவர், முழந்தாளிட்டுத் தாம் கண்ட உண்மையைத் தாமே மறுத்துரைக்கும்படி செய்யப்பெற்றார். 1642இல் இறக்கும் வரை வீட்டுக்காவலில் இருந்தார். இறுதி ஆண்டுகளில் கண்ணொளியும் இழந்தார். வானைக் கண்ட கண்கள் அவை!

1992ஆம் ஆண்டு அத்தோபர் 31ஆம் நாளன்றுதான், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அன்றைய இறையியலாளர் பிழை செய்தனர் என்பதை வெளிப்பட ஒப்பினார். இடையில் கழிந்தவை 359 ஆண்டுகள்!

ஆயினும் திருச்சபைக்குள்ளேயே நல்ல அறிவியலாளர் தோன்றினர் என்பதையும் மறைக்கலாகாது. பேரண்டம் விரிகின்றது என்று 1927இல் கணக்கிட்டுச் சொன்ன பெல்சிய நாட்டு இலெமைத்தர் ஒரு பாதிரியார். 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயசு, அண்டத் தோற்றக் கோட்பாட்டை இறைவனின் படைப்புக்குச் சான்று போலப் பேசியபோது, அதற்கு உடன்படாதவரும் அப்பாதிரியாரே. தம் கோட்பாடு சமயத்துக்குச் சான்றும் அன்று, மறுப்பும் அன்று என்பது அவர் நிலை. அறிவுக்கு அதன் எல்லையையும் சமயத்துக்கு அதன் எல்லையையும் வகுத்த நேர்மை அது.

இன்றைய பொறி

அன்பர்களே! இனி நம் காலத்துக்கு வருவோம். 2024ஆம் ஆண்டின் இயற்பியல் நோபெல் பரிசை ஆப்பீல்டு, இன்ட்டன் என்னும் இருவர் பெற்றனர். மூளையின் நரம்புப் பின்னலைப் போன்ற கணிப்பு முறைக்கு அடித்தளமிட்டவர்கள் அவர்கள். அவருள் இன்ட்டன், பரிசு பெறுவதற்கு முந்தைய ஆண்டே கூகிள் நிறுவனத்தை விட்டு வெளியேறி, இதன் இடர்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார். ஆக்கியவரே அஞ்சுகின்றார் என்றால், நாம் சிந்திக்க வேண்டாவா?

2023இல் திருத்தந்தை பிரான்சிசு வெண்ணிறப் பஞ்சு மேலாடை அணிந்து நடப்பது போன்ற படமொன்று உலகெங்கும் பரவிற்று. பலர் நம்பினர். அது பொறி வரைந்த பொய்ப்படம். ஆடை பற்றிய பொய் நகைப்போடு போயிற்று. கலவரம் மூளும் நாளில் ஒரு தலைவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் வைத்தால் என்னாகும்?

2024 சூன் திங்களில், இத்தாலியில் கூடிய ஏழு பெருநாடுகளின் மாநாட்டுக்கு பிரான்சிசு நேரிற் சென்றார். அம்மாநாட்டில் பேசிய முதல் திருத்தந்தை அவரே. எந்தப் பொறியும் மாந்தன் உயிரைப் பறிக்கும் முடிவைத் தானே எடுக்கலாகாது என்று அங்கு வலியுறுத்தினார். 2025 சனவரி 28ஆம் நாள், "பழையவும் புதியவும்" எனப் பொருள்படும் இலத்தீனப் பெயரோடு வத்திக்கன் ஓர் ஆவணத்தை வெளியிட்டது. இப்பொறி மாந்த அறிவின் விளைவேயன்றி மாந்த அறிவுக்கு ஈடான மற்றோர் அறிவு அன்று என்றும், மாணாக்கர் தாமே விடை தேடத் தூண்டாமல் விடையை மட்டும் கையில் தரும் முறை கல்விக்குக் கேடு என்றும் அது கூறுகின்றது. என் வகுப்பறைச் செய்தியை யாரோ அங்கே சொல்லிவிட்டார்களோ என்று வியந்தேன்!

அரசுகள் என் செய்தன? ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஒரு சட்டம் இயற்றிற்று. குடிமக்களின் நடத்தைக்கு மதிப்பெண் இட்டுத் தரம் பிரிப்பதையும், பள்ளியிலும் பணியிடத்திலும் முகத்தைப் பார்த்து உணர்ச்சியை அளக்கும் பொறிகளையும் அது பெரும்பாலும் தடுக்கின்றது. நன்று. ஆனால் படைத்துறைப் பயன்பாட்டுக்கு அச்சட்டம் செல்லாது. வகுப்பறையில் சிறுவன் முகத்தை அளக்கத் தடை. போர்க்களத்தில் அவன் தந்தையைக் குறிவைக்க அச்சட்டத்தில் தடை இல்லை! 2020இல் வத்திக்கன் முன்னின்று ஓர் அறநெறி உறுதிமொழியை ஆக்கிற்று. மைக்ரோசாப்ட்டு, ஐ.பி.எம். முதலிய பெருநிறுவனங்கள் அதில் கையொப்பமிட்டன. ஆனால் மீறினால் ஒறுக்கும் மன்றம் அதற்கு இல்லை. ஒறுப்பில்லாத உறுதிமொழி எவ்வளவு தொலைவு செல்லும்?

எவ்வழி நம் வழி?

இவற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே. 1633இல் திருச்சபை அறிவையே குற்றக்கூண்டில் ஏற்றித் தோற்றது. 1891இல் பொறியைத் தடுக்கவில்லை. பொறியை உடையவன் உழைப்பவனுக்கு என்ன செய்கின்றான் என்று கேட்டது. கேட்க வேண்டிய கேள்வி அதுவே. அதுவும் காலந்தாழ்ந்தே கேட்டது. பத்து மணி நேர வேலைச் சட்டம் இங்கிலாந்தில் 1847இல் வந்துவிட்டது. பொதுவுடைமை அறிக்கை 1848இல் வந்துவிட்டது. அன்று தாழ்ந்தது நாற்பது ஆண்டுக்கு மேல். இன்று அவ்வளவு காலம் நமக்கு இல்லை.

ஆகவே இப்பொறியைக் கண்டு அஞ்சித் தடை செய்க என்று நான் சொல்லேன். அது கலிலியோவை முழந்தாளிடச் செய்த வழி. கைகட்டி வணங்குக என்றும் சொல்லேன். கேளுங்கள். இதன் உடைமையாளர் யார்? வருவாய் யாருக்குச் செல்கின்றது? வேலை இழப்பவன் எங்குச் செல்வான்? தவறிழைத்தால் பொறுப்பேற்பவர் யார்? எவர் எழுத்தைப் படித்து இது பேசக் கற்றது? அவ்வெழுத்திற் பெரும்பகுதி ஆங்கிலமே என்றால், தம் மொழியில் எழுத்துக் குறைந்த மக்களின் எண்ணம் இதில் எங்கே இடம்பெறும்? தம் மக்கள் மொழியில் நூல் யாத்த கலிலியோ இருந்திருந்தால் இக்கேள்வியைக் கட்டாயம் கேட்டிருப்பார்.

முடிவாக ஒன்று. அம்மாணாக்கனை மறுநாள் அழைத்து, "உன் பாட்டியைப் பற்றி ஒரு பக்கம் என் முன் அமர்ந்து எழுது" என்றேன். எழுதினான். பதினான்கு பிழைகள் இருந்தன. அவன் பாட்டி விறகு பிளப்பதையும், அடுப்பூதிக் கண் கலங்குவதையும், தன்னை மட்டும் அடிக்காமல் விடுவதையும் எழுதியிருந்தான். பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்திக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த வேலை அது. அவனும் உடனிருந்து ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டான். அந்த "ஏன்" என்னும் கேள்வியைப் பொறியிடம் ஒப்படைத்துவிடாதீர்கள் என்று உங்களை வேண்டிக்கொள்கின்றேன்.