பாராத பயிரும் பாராத பிள்ளையும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



'கேளாத கடனும் பாராத பயிரும் பாழ்' என்பது நம் முன்னோர் மொழி. நாற்று நட்டபின் நாள்தோறும் வரப்பில் நடந்து பார்க்கின்றீர்கள். இலை நுனி சற்றே பழுத்தாலும் காரணம் தேடுகின்றீர்கள். ஆனால், குழந்தைகளை மட்டும் நோய் முற்றிய பின்னரே மருத்துவரிடம் எடுத்துச் செல்கின்றோம். இது முறையாகுமா?

பிறந்தபோது இருந்த எடை ஏறத்தாழ ஐந்து மாதத்தில் இருமடங்காகவும், ஓராண்டில் மும்மடங்காகவும் பெருகுதல் வேண்டும். இதனைத் தராசுதான் சொல்லும். எடை குறைவது மட்டுமன்று, ஏறாமல் நிற்பதும் எச்சரிக்கையே. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கையின் நடுச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்திருப்பின், அது கடும் ஊட்டக் குறைவாகும். தாமதமின்றி மருத்துவரிடம் காட்டல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்ப் பள்ளியில், படிப்பு ஏறாதவன் என்று ஒரு சிறுவனைக் கடைசி வரிசையில் அமர்த்தியிருந்தார்கள். மருத்துவக் குழுவினர் சோதித்தபோதுதான் அவனுக்குக் கரும்பலகை எழுத்தே தெரியவில்லை என்பது விளங்கிற்று. கண்ணாடி கிடைத்தது, படித்தான். ஆயினும், அவன் இழந்த இரண்டாண்டுகளை யார் திருப்பித் தருவது?

2013-ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் தொடங்கப்பெற்ற சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும், அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வந்து கட்டணமின்றிச் சோதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அன்று நடவு நாளாயின், கூலியை இழந்து தாய் எவ்வாறு குழந்தையுடன் வருவாள்? வராத குழந்தையே பெரும்பாலும் சோதனை மிக வேண்டிய குழந்தை என்பதை நான் கண்டிருக்கின்றேன்.

ஆதலின், தங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். குழு வரும் நாளை ஒரு வாரம் முன்னதாகவே தெருத்தோறும் அறிவியுங்கள். நிலமுடையோர் அன்று தாய்மார்க்குக் கூலி பிடிக்காமல் அரைநாள் விடுப்பு நல்குங்கள். அடுத்த கிராம சபையில், வராத குழந்தைகள் எத்தனை பேர் என்பதைக் கேட்டறியுங்கள்; பெயர் கூறி எந்தக் குடும்பத்தையும் நாணச் செய்தல் வேண்டா.

2014-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், நம் நாடு உள்ளிட்ட தென்கிழக்காசியப் பகுதி இளம்பிள்ளை வாதம் அற்றதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. விடுபட்ட குழந்தையை வீடுவீடாகத் தேடிச் சென்றதன் பயன் அது. நம் ஊரில் விடுபட்ட குழந்தையை நாமே தேடுவோம்.