நாமும் நாங்களும்

காலை எட்டு மணிக்கு பட்டாபிராம் ரயில் நிலையத்தில் நிற்பவர் காதில் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றும் விழும். பக்கத்து ஆவடியில் டாங்கிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும் விமானப்படைத் தளமும் இருக்கின்றன. 2024 நவம்பரில் பட்டாபிராமிலேயே 21 மாடி டைடல் பார்க் திறக்கப்பட்டது. வேலை தேடிப் பல ஊர்க்காரர்களும் வந்து சேரும் பகுதி இது.

இங்கே ஒரு சின்னச் சொல் செய்யும் வேலையைக் கவனியுங்கள். நடைமேடையில் ஒருவர், “நாம டீ குடிக்கலாம்” என்றால் கேட்பவருக்கும் சேர்த்து டீ உண்டு. “நாங்க டீ குடிக்கப் போறோம்” என்றால், கேட்பவர் அந்தக் கூட்டத்தில் இல்லை.

தெலுங்குக்காரருக்கு இது புதிதில்லை. அவர் மொழியில் ‘மனம்’, ‘மேமு’ என்று இரண்டு உண்டு. மலையாளத்தில் ‘நம்மள்’, ‘ஞங்ஙள்’. மராத்தி, குஜராத்தியிலும் இந்தப் பிரிவு இருக்கிறது. திராவிட மொழிகளோடு பழகியதால் வந்தது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. பப்புவா நியூகினியின் டோக் பிசின் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களிலிருந்து உருவான மொழி. அதிலும் ‘யூமி’, ‘மிபெலா’ என்று பிரித்துக்கொண்டார்கள்.

இந்தியில் இரண்டுக்கும் ‘ஹம்’ ஒன்றுதான்.

அதனால், புதிதாகத் தமிழ் பழகும் வடநாட்டு இளைஞர், பக்கத்தில் நிற்பவரையும் அன்பாக அழைக்க நினைத்து, “நாங்க போலாமா?” என்று கேட்டுவிடக்கூடும். “நாம போலாமான்னு கேளு தம்பி” என்று யாராவது சிரித்தபடி சொல்லிக்கொடுத்தால், மறுநாள் டீக்கடைக்கு அவரே எல்லோரையும் கூட்டிப்போவார்.