ரீச்சர் வாசிப்பித்த ஒடிசி

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது நியாயந்தான். நான் கிரேக்கக் காவியம் ஒன்றை வாசித்த கதையைச் சொல்லப்போகிறேன். நீரிழிவு பற்றித் தேநீர் இடைவேளையில் கேளுங்கள்.

1996 இல் நான் ஆண்டு 10. அதற்கு முதல் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி ஊரோடு ஊராக வெளிக்கிட்டு, தென்மராட்சியில் மாதக்கணக்கில் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தோம். என் வகுப்புத் தோழிகளுக்கு நினைவிருக்கும்: மேசை கதிரை பாதி இல்லை, நூலக அலுமாரிகள் திறந்தபடி வெறுமையாகக் கிடந்தன. எங்கள் ஆங்கில ரீச்சர் உடுப்புப் பையோடு கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்த சில புத்தகங்களில் ஒன்று, ஈ.வி. ரியூ ஆங்கில உரைநடையில் மொழிபெயர்த்த ஒடிசி. 1946 இல் பென்குயின் கிளாசிக்ஸ் வரிசையின் முதற் புத்தகமாக வந்தது அது. ரீச்சரின் பிரதி அட்டை கிழிந்து, தடித்த நூலால் தைத்திருந்தது. ஒரு பிரதி, முப்பத்தாறு பிள்ளைகள், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம்.

அவர் எங்களுக்குக் கதை சொல்லவில்லை. ஒரு பந்தியை ஆங்கிலத்தில் வாசிப்பார், தமிழில் சொல்லுவார், திரும்பவும் ஆங்கிலத்தில் வாசிப்பார். பிறகு, "எந்த இடத்திலை உங்களுக்கு இடறிச்சுது?" என்று கேட்பார். விளங்காத சொல்லை அவர் கேட்கவில்லை. வசனம் விளங்குகிறது, ஆனால் அது ஏன் அங்கே இருக்கிறது என்று விளங்கவில்லை. அந்த இடத்தைத்தான் கேட்டார். ஒரு இடத்திலும் இடறாதவள் வாசிக்கவில்லை என்பது ரீச்சரின் கணக்கு.

முதல் நாள் ட்ரோய் யுத்தம் பற்றித் தெரிந்ததை எழுதச் சொன்னார். எல்லோரும் மரக்குதிரையையும் அக்கிலீசின் குதிக்காலையும் எழுதினோம். "இலியட்டிலை இரண்டும் இல்லை, பிள்ளையள்" என்றார். இலியட் 24 பாகங்கள். ஹெக்டரின் ஈமச்சடங்கோடு அது முடிந்துவிடுகிறது. குதிரை ஒடிசியில், மற்றவர்கள் நினைவுகூரும் பழங்கதையாக வருகிறது. குதிக்கால் கதை ஹோமரிலேயே இல்லை. எங்களுக்குப் பெரிய ஏமாற்றம். ஆனால் நோயாளி வாய் திறக்க முதலே நோயின் பெயரை எழுதிவிடுகிற வைத்தியர்களைப் பிற்காலத்தில் பார்த்தபோது (நானும் அப்படிச் செய்தவள்தான்) அந்தக் குதிரை எனக்கு ஞாபகம் வந்ததுண்டு.

ஒடிசியில் இன்னொரு வினோதம். கதாநாயகன் ஐந்தாம் பாகத்தில்தான் நேரே வருகிறான். முதல் நான்கு பாகமும் அவன் இல்லாத வீடு. இருபது வருடமாகத் தகப்பன் வரவில்லை. தாய் பெனிலோப்பி காத்திருக்கிறாள். மகன் டெலமக்கஸ் வளர்ந்து ஆளாகிவிட்டான். விருந்தாளி வடிவத்தில் வந்த தெய்வத்திடம் அவன் சொல்கிறான்: அப்பா ட்ரோயில் தோழர்களுடன் விழுந்திருந்தால் நான் இவ்வளவு துக்கப்படமாட்டேன், அவருக்கு ஒரு சமாதியாவது கட்டியிருப்பார்கள், இப்போதோ காற்று அள்ளிக்கொண்டு போனதுபோலப் போய்விட்டார், கண்டவரும் இல்லை, கேட்டவரும் இல்லை என்று.

அன்று பின் வாங்கிலில் இருந்து ஒருத்தி கை உயர்த்தினாள். அந்த ஆண்டு யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பேர் காணாமற்போனார்கள்; அவளுடைய அண்ணாவும் ஒருவர். "ரீச்சர், எனக்கு இந்த இடம். செத்திருந்தாப் பறவாயில்லை எண்ட மாதிரிச் சொல்லுறான். அப்பிடிச் சொல்லலாமோ?"

ரீச்சர் பதில் சொல்லவில்லை. பந்தியை இன்னொருமுறை மெதுவாக வாசித்தார். மணி அடித்தது. ஒருவரும் எழும்பவில்லை. அவள் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இன்று அவள் இங்கே இல்லை. எந்த நாட்டிலோ இருந்து இந்த மலரை வாசிப்பாள்.

யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின் வன்னியில் ஒரு கிளினிக்கில் வேலை செய்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, பிரஷருக்கு மாதாமாதம் வருவார். (அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) நித்திரை இல்லை என்பார். கடைசியில், "இரவிலை நான் கதவு பூட்டுறேல்லை, பிள்ளை" என்பார். நான் கிளினிக் கொப்பியில் நித்திரைக் குறைவு என்று எழுதிக் குளிசை கொடுத்தேன். அடுத்த மாதமும் அதே வசனம், அதே குளிசை. வெளியே வரிசை நீளம். மூன்றாம் மாதம் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஏன் அம்மா பூட்டுறேல்லை?"

"அவன்ரை திறப்பு என்னட்டையெல்லோ கிடக்கு."

மகன். மகனைக் கண்டதாகச் சொல்லி வந்த ஒருவனுக்குக் கையிலிருந்த காப்பைக் கழற்றிக் கொடுத்ததையும் அன்றுதான் சொன்னார். ஒடிசியில் பன்றி மேய்க்கும் கிழவனும் இதைத்தான் சொல்கிறான்: ஒரு நேரச் சோற்றுக்கும் உடுப்புக்கும் பொய்ச் செய்தி கொண்டு எத்தனையோ பேர் வருகிறார்கள், பெனிலோப்பி ஒவ்வொருவரையும் இருத்தி விசாரித்து அழுகிறாள் என்று. அந்த அம்மாவுக்கு நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. குளிசையைக் குறைத்தேன். பிறகு வந்தபோதெல்லாம் மகனைப் பற்றி முதலில் கேட்டேன். ஆனால் இரண்டு மாதம் அந்த வசனத்தைக் கேட்டும் கேளாமல் விட்டவள் நான்.

தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிரேக்கம் எதற்கு என்று சங்கக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். பேராசிரியர் கைலாசபதி பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் படித்து, எங்கள் சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு எழுதிய ஆங்கில நூல் 1968 இல் வந்தது. யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவர் அவர். அக்காவுக்கு அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

போன தை மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் தரம் 12 பிள்ளைகள் பதினெட்டுப் பேருடன் ஒடிசி வாசிக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் ரியூட்டரி குறிப்பில் விடை எங்கே இருக்கிறது என்று தேடத்தான் பழகியிருக்கிறார்கள். முதல் மாதம் ஒருவருக்கும் ஒரு இடத்திலும் இடறவில்லை. பிறகு 22 ஆம் பாகம் வந்தது. வீடு திரும்பிய ஒடிசியஸ், பெனிலோப்பியை மணக்க வந்திருந்தவர்களோடு படுத்த அடிமைப் பெண்களைக் கொல்லச் சொல்கிறான். பன்னிரண்டு பேரையும் மகன் டெலமக்கஸ் தூக்கிலிடுகிறான். முதற் பாகத்தில் நாங்கள் இரங்கிய அதே பையன். சில ஆங்கில மொழிபெயர்ப்புகளில் அந்த இடத்தில் அப்பெண்களுக்கு வேசி என்ற பொருளில் வசவுச் சொல் வருகிறது. 2017 இல் ஒடிசியை மொழிபெயர்த்த எமிலி வில்சன், கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது 'அந்தப் பெண்கள்' என்ற அளவிலான சொல் மட்டுமே என்று எடுத்துக்காட்டினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். "அப்ப அந்தச் சொல்லை ஆர் போட்டது, மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். மற்ற வகுப்பு முழுவதும் அதிலேயே போனது.

நிதி சேர்க்கும் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். மண்டபத்துக்குக் குளிரூட்டி போடுங்கள், நல்லது. அதோடு ஒரே புத்தகத்தில் நாற்பது பிரதிகள் வாங்கித் தாருங்கள். பல்கலைக்கழகம் போகும்போது ரீச்சர் எனக்குத் தந்த அந்தப் பழைய பிரதியைத்தான் இன்று பிள்ளைகள் கை மாற்றிக் கை மாற்றி வாசிக்கிறார்கள். தையல் விட்டுவிட்டது.

அதிபரிடம் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் இப்போது மாதிரிப் பரீட்சை நடக்கிறது. பார்ப்போம் என்றிருக்கிறார்.