கோடையிலே குளிர்ந்த மனை

(இந்து வாலிபர் சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சித்திரை வெயிலைப் பற்றி யாழ்ப்பாணத்தவர்க்கு ஒருவன் எடுத்துரைப்பது, உப்பளத்தில் நிற்பவனுக்கு உப்பின் சுவையைக் கூறுவது போன்றது. ஆயினும் ஒரு கேள்வி என்னை விடாது தொடர்கிறது. நம் பாட்டன்மார் மின்விசிறியின்றிக் கழித்த கோடையை, அறைக்கொரு விசிறி வைத்தும் நம்மால் ஏன் கழிக்க இயலவில்லை? காலநிலை மாறிவிட்டது என்பார்கள். அது மெய்யே, வளிமண்டலவியல் திணைக்களம் அண்மைய ஆண்டுகளில் வட மாகாணத்துக்கும் வெப்ப எச்சரிக்கை விடுத்து வருவதை அறிவீர்கள். ஆனால் காலநிலையோடு நம் வீடும் மாறிவிட்டதே! காலநிலையைத் திருத்துவது இச்சங்கத்தின் சக்திக்கு அப்பாற்பட்டது. வீட்டைத் திருத்துவது அப்படியன்று.

யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பதரைப் பாகைக்குச் சற்று மேலே கிடக்கிறது. ஆகவே வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் நண்பகற் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறான். ஆவணியில் மீண்டும் ஒருமுறை அவ்வாறே வருகிறான். அவ்வேளையில் வெயில் சுவரிலே விழுவது சொற்பம். முழுவதையும் தாங்குவது கூரையே. எனவே உஷ்ணம் நம் வீட்டினுள் நுழையும் தலைவாசல் கூரைதான் என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

பழைய நாற்சார் வீட்டை நினைத்துப் பாருங்கள். சுண்ணாம்புக் கல்லாற் கட்டிய தடித்த சுவர். அதன்மேல் வெயில் படாதவாறு தாழ்ந்திறங்கிய தாழ்வாரமும் திண்ணையும். உயர்ந்த ஓட்டுக் கூரை அல்லது பனையோலைக் கூரை. சூடேறிய காற்று மேலே எழுந்து ஓட்டின் இடுக்குகளால் வெளியேறும். நடு முற்றத்தால் இரவின் குளிர்ச்சி இறங்கும். நான் படித்த மிஷன் பாடசாலையின் பழைய மண்டபமும் இதே நியாயத்தில் அமைந்ததுதான். அகன்ற விறாந்தையும் உயர்ந்த முகடும் கொண்ட அங்கே மத்தியானத்திலும் பாடம் காதில் ஏறும். புதிய மாடி வகுப்பறையில் நித்திரைதான் ஏறும்! பழையன எல்லாம் பொன் என்று நான் வாதாட வரவில்லை. ஓலைக்கு நெருப்பும் எலியும் பகை. நாற்சார் வீட்டின் உள்ளறைகளோ பகலிலும் இருட்டு.

இப்பொழுது தட்டையான கொங்கிறீற்றுக் கூரைக்கு வருவோம். அது பகல் முழுவதும் வெயிலைக் குடித்துத் தன்னுள் சேமிக்கிறது. அந்தச் சூடு கீழ்ப்புறத்தை எட்டச் சில மணி நேரம் ஆகும். ஆதலால் பொழுது பட்டபின், நாம் பாயை விரிக்கும் வேளையில், அடுப்பின் மேற்சட்டி போல அது நம்மீது அனல் வீசுகிறது. விசிறியோ காற்றைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்துவது மாத்திரமே அதன் தொழில். தகரத்தின் குணம் வேறு: வெயிலோடு கொதித்து, வெயிலோடு ஆறும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுட் பலர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக முகாம்களில் தகரத்தின் கீழ்க் காய்ந்தார்கள். 2016இல் போரால் வீடிழந்தோர்க்கு 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் தரப்படும் என்றபோது, இவ்வெக்கைக்கு அவை ஒவ்வா என்று நம்மவர் எழுப்பிய குரல் நியாயமான குரலே. அத்திட்டம் அறிவித்தபடி நிறைவேறவில்லை.

பரிகாரம் என்ன? கூரைக்கு ஒரு குடை பிடிப்பதே. கொங்கிறீற்றுக்கு மேலே இரண்டடி உயரத்தில் கிடுகுப் பந்தல் போட்டால், வெயில் கிடுகோடு நின்றுவிடும். இடைவெளியால் காற்று ஓடும். மின்கம்பிக்கும் அடுக்களைப் புகைபோக்கிக்கும் அருகில் மட்டும் வேண்டாம். முந்திரிகையையோ கொடித்தோடையையோ படரவிட்டால் நிழலோடு பழமும் கிடைக்கும். பந்தலுக்கு வசதியில்லையேல் சுண்ணாம்பு பூசுங்கள். புதிதாய்ப் பூசிய வெள்ளை, விழும் வெயிலிற் பாதிக்கு மேல் திருப்பியனுப்பும். ஐப்பசி மழை கழுவிவிடுவதால் பங்குனிதோறும் மறுபடி பூச வேண்டும். தகரத்திற் சுண்ணாம்பு நில்லாது. அதற்கு வெள்ளைப் பெயின்ற்தான் வேண்டும். இது அற்ப காரியமன்று. இந்தியாவின் அகமதாபாத் நகரில் 2010 மே மாத வெப்பத்தில், வழமையைவிட 1,300 பேருக்கு மேல் அதிகமாக மாண்டார்கள். 2013இல் அந்நகரம் வெப்பத்துக்கென ஒரு செயற்றிட்டம் வகுத்தது. பின்னர் ஏழைகளின் கூரைகளை வெண்மையாக்குவதும் அதனோடு சேர்ந்தது.

மதுரையில் நனைத்த வெட்டிவேர்த் தட்டி குளிர்ச்சி தரும். நாற்புறமும் கடற்காற்று ஈரம் சுமந்துவரும் நம் நாட்டில் அதனால் வரும் பயன் குறைவு. கூரைக்கு நீர் இறைப்பதும் தகாது. நமக்கு முக்கியமாக உள்ளது நிலத்தடியில் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரே. கோடையில் அதை வெயிலுக்கு ஊற்றுவது விவேகமன்று.

வேலியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிளுவையும் பூவரசும் நின்ற வேலி சோளகக் காற்றை வடித்து உள்ளே விட்டது. ஆறடி மதில் காற்றை மறித்து, வெயிலைச் சேமித்து, இரவிலே நமக்குத் தருகிறது. அந்த மதிலுக்காக மேற்குப்புற வேம்பையும் தறித்துவிடுகிறோம். சருகு கூட்டும் சிரமம் குறைந்ததென்று அம்மாமார் மகிழலாம். பின்னேர வெயில் சுவரிலே நேராக அறைகிறதே!

வாலிப அன்பர்களே, நம் வட்டாரத்தில் பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்க, பெரிய கொங்கிறீற்று வீட்டில் தனித்து வாழும் முதியோர் பலர். பணம் வருகிறது; கூரையிலேறப் பிள்ளை இல்லை. தகரத்தின் கீழ் வாழ்வோரோ பணமுமின்றி இருக்கிறார்கள். பங்குனி முடியுமுன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் சிரமதானத்துக்கு ஒதுக்கி, அவ்வீடுகளைக் கணக்கெடுத்துக் கூரைக்கு வெள்ளையடிப்போம். இயன்ற வீடுகளிற் பந்தலும் போடுவோம் என்பதே என் பிரேரணை. வயதிற் கூடியவர்களின் வீட்டிலிருந்து தொடங்கலாம். ஏணி ஏற நாம் இருக்கிறோம். கிடுகு பின்ன எங்களில் அநேகருக்குத் தெரியாது. இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்க்குத் தெரியும். தென்னோலை ஊறப்போடத் தொட்டியுள்ளவர்கள், கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் சொல்லிவிட்டுச் செல்லும்படி வேண்டுகிறேன்.