பித்தநாளப் புற்றும் வளர்ச்சிக் கட்டளையும்



நாடகத்திற்கும் நாட்டியத்திற்கும் இடையே வியாதியைப் பற்றிப் பேச வந்தானே என்று சிலர் முகம் சுளிக்கலாம். நான் வைத்தியன் அல்லன். மெட்ரிகுலேஷனோடு நின்ற ரயில்வே குமாஸ்தா. படித்தறிந்ததைக் கூறுகிறேன், பொறுத்தருள்க.

கல்லீரலில் ஊறும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டு செல்லும் குழாயே பித்தநாளம். அதன் உட்புறத்தை ஒரே வரிசையாக உயிரணுக்கள் போர்த்தியிருக்கின்றன. அவை தம் விருப்பப்படி பெருகுவதில்லை. எங்கேனும் புண் நேர்ந்தால், 'வளர்ச்சிக் காரணி' என்னும் புரதம் வந்து அணுவின் மேலுள்ள 'ஏற்பி'யைப் பற்றுகிறது. ஏற்பிகள் இரண்டிரண்டாய் இணைகின்றன. கட்டளை உள்ளே கைமாறிச் சென்று மரபணுக்களை எட்டுகிறது. அணு இரண்டாகப் பிரிகிறது. இக்காரணிகளைக் கண்டறிந்தமைக்காக ஸ்டான்லி கோஹனும் ரீட்டா லெவி-மொண்டால்சினியும் 1986-இல் நோபல் பரிசு பெற்றனர். ஒரு சாற்றை ஏற்றிய எலிக்குஞ்சுகள் உரிய நாளுக்கு முன்பே கண் திறந்ததைக் கண்டு, காரணத்தைத் தேடிப் புறப்பட்டவர் கோஹன். வேறொருவராயின் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்!

நம் ஸ்டேஷன்களில் முன்னாளில் நின்ற கைகாட்டியை நினைத்துப் பாருங்கள். கை இறங்கினால் வண்டி போகலாம். வண்டி கடந்ததும் கை மேலெழ வேண்டும். புற்றில் நேர்வது, இறங்கிய கை இறங்கியபடியே இறுகிவிடுவது. கல்லீரலுக்குள் தோன்றும் பித்தநாளப் புற்று உடையோரில் 100-க்குச் சுமார் 10 முதல் 15 பேரிடம், எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 என்னும் ஏற்பியின் மரபணு அறுந்து வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் விளையும் ஏற்பிகள், காரணி வராமலே தமக்குள் இணைந்து ஓயாது கட்டளையிடுகின்றன.

வடகிழக்குத் தாய்லாந்தில் நிகழ்வது இன்னும் விந்தை. அங்கே ஆற்றுமீனைப் பச்சையாய் உண்ணும் வழக்கத்தால் தட்டைப்புழுவொன்று பித்தநாளத்தில் குடியேறி, ஆண்டுக்கணக்கில் புண்ணாக்குகிறது. உலகிலேயே இப்புற்று மிகுந்த இடம் அது. அப்புழுவே கிரானுலின் என்னும் வளர்ச்சிக் காரணியைச் சுரந்து நம் அணுக்களைப் பெருக்குகிறது என 2009-இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். திருடனே கைகாட்டியை இறக்கிவிடுகிறான்!

நாம் வாழும் கங்கைச் சமவெளியிலோ பித்தப்பைப் புற்றே மிகுதி, அதுவும் பெண்களிடம். அவர்களுள் ஒரு பகுதியினரிடம் ஹெர்2 என்னும் வேறோர் ஏற்பி அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும்.

தாய்மார்கள் இதைக் கேட்க வேண்டும். கண் மஞ்சளித்து, உடம்பு அரித்து, மலம் வெளுத்து, சிறுநீர் கறுத்தால், அது பித்தநாளம் அடைபட்டதால் வந்த காமாலையாக இருக்கலாம். நம் காலனியிலேயே ஒருவர் இத்தனையும் கண்டும் கீழாநெல்லியோடும் பத்தியத்தோடும் இரண்டு மாதம் கழித்தார். கீழாநெல்லியின் மேல் எனக்கு விரோதமில்லை. அடைபட்ட குழாயை அது திறவாது. முதலில் வேண்டியது ஸ்கேன். பரவுமுன் கண்டால் அறுத்தெடுக்க வழியுண்டு. அந்நிலை கடந்து வருவோரே பெரும்பாலோர்.

கடந்து வந்தோர்க்கும் இப்போது ஒரு வாயில் திறந்திருக்கிறது. இறுகிய எஃப்.ஜி.எஃப்.ஆர்.2-ஐ அடக்கும் பெமிகாட்டினிப் என்னும் மாத்திரைக்கு 2020-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அப்பழுதுடையோரிடம் சோதித்ததில், மூவரில் ஒருவருக்குச் சற்று மேலாகக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. பூரண குணம் அன்று. நாளடைவில் ஏற்பி தன் வடிவை மாற்றிக்கொண்டு மருந்தை ஏற்க மறுப்பதும் உண்டு. வேறு சிலரிடம் ஏற்பி செம்மையாயிருக்க, உள்ளே கட்டளையை ஏந்திச் செல்லும் கேராஸ் என்னும் புரதம் கெட்டிருக்கும். அவர்களுக்கு இம்மாத்திரை உதவாது. பிரேக் இழந்த வண்டிக்குக் கைகாட்டியைச் செப்பனிட்டு என்ன பயன்? ஆகவே, கட்டியின் துணுக்கை மரபணுச் சோதனைக்கு அனுப்பலாமா என்று வைத்தியரைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இத்தகைய ஆங்கில அறிக்கை எவர் கையிலேனும் இருந்தால், ஞாயிறு காலைகளில் நம் சங்க நூலகத்திற்குக் கொண்டு வரலாம். மருந்து சொல்ல மாட்டேன். படித்துத் தமிழில் பொருள் சொல்வேன்.