கைமாறும் குதிரை

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஒரு நோய் உண்டு. ஒரு சொல் எதிர்ப்பட்டால் அதன் ஊரும் பேரும் கேளாமல் அதைக் கடந்து போக இயலாது. 'கூப்பே' என்ற சொல் நம்மை அவ்வாறுதான் நிறுத்தி வைத்தது. பிரெஞ்சு மொழியில் அதற்கு 'வெட்டப்பட்டது' என்று பொருள். குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில், எதிரெதிராக இரு வரிசை இருக்கைகள் அமைந்த பெரிய வண்டியின் ஒரு பாதியை வெட்டி எடுத்தாற்போல, இருவர் மட்டும் அமரும் சிறு வண்டி ஒன்று இருந்தது. அதன் பெயரே பிற்காலத்தில், இரண்டே கதவுகளும் தாழ்ந்த கூரையும் உடைய மோட்டார் காருக்கு வந்து சேர்ந்தது. தமிழில் இதற்கு ஒரு பெயர் சூட்ட முயன்று, 'குறுங்கூண்டுக் கார்' என்பது வரை வந்தோம். அலுவலக நண்பர்கள் நகைத்தமையால் அம்முயற்சியைக் கைவிட்டோம். ஆகவே, நேயர்களே, இப்பேச்சில் கூப்பே என்றே சொல்லிச் செல்வோம்.

நாம் எடுத்துக் கொண்ட கூப்பே, அமெரிக்க நாட்டு ஃபோர்டு நிறுவனத்தின் மஸ்டாங். இந்தப் பெயரும் வழிவழி வந்த பெயர்தான். ஸ்பானிய மொழியில், உரியவன் இன்னான் என்று தெரியாமல் திரியும் கால்நடையைக் குறித்த சொல் அது. ஸ்பானியர் கப்பலில் கொண்டு வந்த குதிரைகள் சில தப்பியோடி, அமெரிக்கச் சமவெளிகளில் காட்டுக் குதிரைகளாகப் பெருகின. அவற்றை அங்குள்ளோர் மஸ்டாங் என்றனர். இரண்டாம் உலகப் போரில் புகழ் பெற்ற ஒரு போர் விமானத்துக்கும் இதே பெயர் இருந்தது. ஜெர்மனியில் மட்டும் இப்பெயரின் உரிமை வேறொரு நிறுவனத்திடம் இருந்தமையால், 1970-களின் இறுதி வரை அந்நாட்டில் இக்கார் 'டி-5' என்ற வறண்ட குறியீட்டோடு விற்பனையாயிற்று. ஓடும் குதிரைக்கு ஒரு கோப்பு எண்ணைப் பெயராக இட்டது போன்றது இது.

1957-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் 'எட்செல்' என்ற புதிய காரைப் பெரும் ஆரவாரத்தோடு வெளியிட்டது. மக்கள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 1959 நவம்பரில் அதன் உற்பத்தி நின்றது; நட்டமோ மிகப் பெரிது. சூடுபட்ட நிறுவனம் புதிய முயற்சி எதற்கும் அஞ்சி நின்ற வேளையில், 1960-இல், இத்தாலியிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகனான லீ ஐயகோக்கா ஃபோர்டு பிரிவின் பொது மேலாளரானார். அப்போது அவருக்கு வயது 36. போருக்குப் பின் பிறந்த குழந்தைகள் வளர்ந்து வாலிபராகி வருகிறார்கள், அவர்கள் தந்தையரின் பெரிய காரை விரும்பமாட்டார்கள் என்பது அவர் கணிப்பு. போட்டி நிறுவனமான செவ்ரலேயின் 'கார்வேர் மோன்சா' என்ற சிறு கார் தனித்தனி இருக்கைகளோடு வந்து இளைஞரைக் கவர்ந்தது, அக்கணிப்புக்கு வலுவூட்டியது. விலை 2,500 டாலருக்கும், எடை 2,500 பவுண்டுக்கும் மிகலாகாது, நால்வர் அமர வேண்டும் என்று வரையறை வகுத்தார்.

வரையறை வகுப்பது எளிது. ஆனால் புதிய கார் ஒன்றை அடி முதல் முடி வரை ஆக்குவதற்குப் பணம் கேட்டால், எட்செலின் நினைவு மாறாத மேலிடம் கொடுக்குமா? இங்கேதான் அந்தக் குழுவின் கெட்டிக்காரத்தனம் வெளிப்பட்டது. 1959 முதல் விற்பனையில் இருந்த 'ஃபால்கன்' என்ற சிக்கனமான குடும்பக் காரின் அடித்தளம், என்ஜின், அச்சு ஆகியவற்றை எடுத்துக் கொண்டு, மேலே மட்டும் புதிய மேனி அமைத்தனர். நீண்ட முன்மூடி, குறுகிய பின்பகுதி, தாழ்ந்த கூரை என்ற அந்த மேனியை, 1962-இல் நிறுவனத்துக்குள் நடந்த போட்டியில் ஜோ ஓரோஸ் தலைமையிலான கலைஞர் குழு களிமண்ணில் வடித்துக் காட்டியது. மஸ்டாங்கின் அழகைப் புகழ்வோர் பலர். அந்த அழகின் கீழே பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற ஒரு சாதுவான கார் ஒளிந்திருப்பதை நினைப்போர் சிலரே. பழைய வண்டியாக இதை வாங்குவோர்க்குப் பிற்காலத்தில் கிட்டிய நன்மைகளும் தொல்லைகளும் பெரும்பாலும் இந்த ஒரு முடிவிலிருந்தே பிறந்தவை.

1964 ஏப்ரல் 16-ஆம் நாள் மாலை, அமெரிக்காவின் மூன்று பெரிய தொலைக்காட்சி நிலையங்களிலும் ஒரே நேரத்தில் விளம்பரம் தோன்றியது. மறுநாள் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வண்டி வெளியிடப்பட்டது. ஆரம்ப விலை 2,368 டாலர். முதல் நாளிலேயே 22,000 பேர் வாங்க முன்வந்தனர் என்பர். ஓராண்டு நிறைவதற்குள் நான்கு லட்சம் வண்டிகளுக்கு மேல் விற்றன. 1966 மார்ச்சில் பத்து லட்சமாவது வண்டி ஆலையிலிருந்து வெளிவந்தது.

முதல் வண்டியின் கதையைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. முதல் வரிசை எண் பொறித்த மஸ்டாங், காட்சிக்காகக் கனடா நாட்டு நியூஃபவுண்ட்லாந்துக்கு அனுப்பப்பட்டது. அது விற்பனைக்குரியதன்று என்பதை அறியாத முகவர், விமானி ஒருவர் கேட்டவுடன் அதை அவருக்கு விற்றுவிட்டார். நிறுவனம் பதறிப் போய்த் திருப்பிக் கேட்டது. விமானியோ கொடுப்பதாக இல்லை. இரண்டாண்டு அலைக்கழித்து, 1966-இல் பத்து லட்சமாவது வண்டியை ஈடாகக் கொடுத்த பிறகே முதல் வண்டி மீண்டது. இப்போது அது டியர்பர்ன் நகரத்து ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தான் செய்த காரைத் தானே பழைய வண்டியாகத் திரும்ப வாங்கிய நிறுவனம் வேறு ஏதேனும் உண்டோ, நாம் அறியோம்.

பின் வந்த வரலாற்றைச் சுருக்கிச் சொல்லலாம். செவ்ரலே நிறுவனம் 1966 செப்டம்பரில் 'கமாரோ'வை எதிராக நிறுத்தியது. போட்டியின் வேகத்தில் மஸ்டாங் ஆண்டுக்கு ஆண்டு பருத்துக் கொண்டே போய், 1971-இல் தன் பழைய வடிவையே மறந்தது. அடுத்து 1974-ஆம் ஆண்டுக்குரியதாக வந்த 'மஸ்டாங் இரண்டு' மிகச் சிறியது. அது வெளியான சில வாரங்களில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. வண்டி அமோகமாக விற்றது. ரசிகர்கள் இன்றும் அதை இழித்துப் பேசுகிறார்கள். நமக்கு அதில் உடன்பாடில்லை. காலமறிந்து உடல் மெலிந்ததைக் குற்றமென்று சொல்வானேன்? 1979-இல் தொடங்கிய அடுத்த வடிவம் 1993 வரை நிலைத்தது. இடையில், ஜப்பானிய மாஸ்டா நிறுவனத்தின் அடித்தளத்தில் அமைந்த, முன்சக்கரங்கள் இழுக்கும் ஒரு காருக்கு மஸ்டாங் என்று பெயரிடும் எண்ணம் நிறுவனத்துக்கு இருந்தது. செய்தி கசிந்தவுடன் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அந்தக் கார் 'புரோப்' என்ற வேறு பெயரில் வெளிவந்தது, மஸ்டாங் பிழைத்தது. 2018 ஆகஸ்டில் மிச்சிகன் மாநிலத்து ஃப்ளாட் ராக் ஆலையில் ஒரு கோடியாவது வண்டி நிறைவெய்தியது. 2015-ஆம் ஆண்டு வடிவமே ஆலையிலிருந்து வலப்புறச் சுக்கானோடு உலக நாடுகளுக்குச் சென்றது. அதுவே 2016-இல் இந்தியாவிலும் 65 லட்ச ரூபாய் விலையில் விற்பனைக்கு வந்தது. நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள் கண்ணாடிக் கடைக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் பேருந்து ஏறினோம்.

இனி நாம் உண்மையில் சொல்ல விரும்பிய பகுதிக்கு வருவோம். கலிபோர்னியாவில் மில்பிட்டஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கு ஃபோர்டு நிறுவனத்தின் சான் ஹோசே ஆலை இயங்கியது. மஸ்டாங் பிறந்த மூன்று ஆலைகளுள் அது ஒன்று. 1983-இல் மூடப்பட்ட அந்த ஆலைக் கட்டடம் 1994-இல் 'கிரேட் மால்' என்ற அங்காடியாக மாறியது. நம் மைத்துனர் வாரந்தோறும் சாமான் வாங்குவது அந்த அங்காடியில்தான். தாம் நடக்கும் தளத்தில்தான் மஸ்டாங் ஓடு வரிசை சென்றது என்று யாரோ சொல்லக் கேட்ட நாள் முதல், அவருக்குப் பழைய மஸ்டாங் ஒன்றை வாங்க வேண்டுமென்ற ஆசை பற்றிக் கொண்டது.

ஆசை முற்றும் மூடத்தனமானதன்று. 1964 முதல் 1966 வரை மட்டும் பன்னிரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டமையால், அறுபதாண்டு கடந்தும் அவை அரும்பொருளாகி விடவில்லை. புகழ் பெற்ற தனி வண்டிகளின் விலை வேறு. 1968-இல் வந்த 'புல்லிட்' திரைப்படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய மஸ்டாங் 2020 ஜனவரியில் 37 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. ஆயினும் ஆறு சிலிண்டர் என்ஜின் கொண்ட சாதாரணக் கூப்பே, நடுத்தரக் குடும்பத்தினரும் எண்ணிப் பார்க்கக் கூடிய விலையிலேயே கிடைக்கிறது. உள்ளே இருப்பது எளிய ஃபால்கன் இயந்திரமாதலால் பழுதுபார்ப்பது கடினமன்று. கதவுப் பிடி முதல் தரைத் தகடு வரை எல்லா உறுப்புகளையும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

மைத்துனர் கண்டெடுத்தது 1966-ஆம் ஆண்டு வண்டி. சிவப்பு நிறம், எட்டு சிலிண்டர். "ஆலையில் பூட்டிய அசல் என்ஜின்" என்று விற்பவர் உறுதி கூறினாராம். "அத்தான், நீங்கள் காகிதங்களைப் படிப்பவர், ஒரு முறை பாருங்களேன்" என்று சொல்லி, வண்டியருகில் நின்றவாறே கைப்பேசியில் படம் காட்டினார். நமக்குக் காரைப் பற்றித் தெரிந்தது ஏட்டறிவு மட்டுமே. ஆயினும் குறியீடுகளைப் படிப்பது நம் தொழில் அல்லவா?

வண்டியின் எண் 6, ஆர், 07, டி என்று தொடங்கியது. முதல் இலக்கம் ஆண்டு. 'ஆர்' என்பது சான் ஹோசே ஆலை. அவர் சாமான் வாங்கும் அதே இடம். 07 என்பது கூப்பே. அதுவரை மகிழ்ச்சி. நான்காவதாக நின்ற 'டி' என்ற எழுத்து, 200 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜினைக் குறிப்பது. எட்டு சிலிண்டராக இருந்தால் அந்த இடத்தில் 'சி' அல்லது 'ஏ' இருக்க வேண்டும். மிகு ஆற்றல் உடையதாயின் 'கே' இருக்க வேண்டும். சக்கரத்தைக் காட்டச் சொன்னோம். நட்டுகளை எண்ணினார்; நான்கு. அக்காலத்து மஸ்டாங்கில் ஆறு சிலிண்டர் வண்டிக்கு நான்கு நட்டு, எட்டு சிலிண்டர் வண்டிக்கு ஐந்து. ஆக, யாரோ பெரிய என்ஜினைத் தூக்கி வைத்துவிட்டு, அச்சையும் பிரேக்கையும் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். ஆறு சிலிண்டர் வண்டியின் பிரேக் உருளை ஒன்பது அங்குலம். கூடுதல் எடையையும் வேகத்தையும் அதுதான் தாங்கி நிறுத்த வேண்டும். 1967-க்கு முற்பட்ட மஸ்டாங்கில் நான்கு சக்கரங்களின் பிரேக்குக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுதான். ஓரிடத்தில் கசிந்தால் எல்லாம் போயிற்று. போதாததற்குப் பெட்ரோல் தொட்டியின் மேற்புறமே பின்பெட்டியின் தரையாக அமைந்திருக்கிறது. அவருடைய ஒன்பது வயது மகள் அப்போதே பின்னிருக்கையில் ஏறி அமர்ந்து நம்மைப் பார்த்துக் கையசைத்துக் கொண்டிருந்தாள்.

இன்னும் ஒன்று சோதிக்கச் சொன்னோம். முன் கண்ணாடியின் அடியில், காற்று உள்ளே வருவதற்கான சல்லடைத் திறப்பு ஒன்று உண்டு. அதன் கீழே இருக்கும் தகட்டுப் பெட்டியில் மழைநீரும் சருகும் தங்கி, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே எத்தனை வண்ணம் பூசினாலும் இது மறையாது. ஒரு செம்பு நீரை அத்திறப்பில் ஊற்றி, உள்ளே கால்விரிப்பைத் தொட்டுப் பார்த்தால் போதும். மைத்துனர் ஊற்றினார். விரிப்பு நனைந்தது. விற்பவர் அவ்வளவு நேரமும் பேசியவர், அதன்பின் பேசவில்லை.

இதில் நாம் பிறரைப் பழிக்க நியாயமில்லை. சில ஆண்டுகளுக்கு முன், தில்லிக் கடை ஒன்றில், பெயர் வேண்டாம், நாமே ஒரு பழைய சிறு காரை வண்ணப் பூச்சில் மயங்கி வாங்கினோம். மிதியடியைத் தூக்கிப் பார்த்த பின்னரே தரையில் ஓட்டை தெரிந்தது. அதை ஒட்டவைத்து ஓட்டிக் கொண்டிருக்கையில், 2018-இல் உச்ச நீதிமன்றம் தலைநகர வட்டாரத்தில் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு இடமில்லை என்று சொன்னது. பதினான்காம் ஆண்டை எட்டியிருந்த நம் வண்டி, தென்மாநிலத்துக்காரர் ஒருவர் கைக்கு அற்ப விலையில் போயிற்று. கலிபோர்னியாவிலோ 1975-ஆம் ஆண்டுக்கும் அதற்கு முந்திய ஆண்டுகளுக்கும் உரிய கார்களுக்குப் புகைச் சோதனையே இல்லை. இரண்டுக்கும் காரணம் உண்டு. தில்லியில் மார்கழிக் காலையில் மூச்சு விட்டவர்கள் தீர்ப்பைக் குறை சொல்லமாட்டார்கள். வண்டியை அனுப்பிய அன்று வருத்தமாகத்தான் இருந்தது.

மைத்துனர் அந்தச் சிவப்பு வண்டியை விட்டுவிடுவார் என்று நினைத்தோம். அவர் விடவில்லை. எண்ணையும், நட்டுகளையும், நனைந்த விரிப்பையும் சுட்டிக்காட்டி விலையைப் பெரிதும் குறைத்து வாங்கினார். எட்டு சிலிண்டர் வண்டிக்குரிய பின்னச்சும், ஐந்து நட்டுச் சக்கரங்களும், பத்து அங்குலப் பிரேக்குகளும், இரட்டைச் சுற்று எண்ணெய் உருளையும் வரவழைத்துவிட்டார். பின்பெட்டிக்கும் இருக்கைக்கும் இடையே தடுப்புத் தகடு பொருத்தும் வேலையும் பட்டியலில் இருக்கிறது. சல்லடைப் பெட்டியைப் பிரித்துப் பற்றவைக்கும் வேலை மட்டும் நீள்கிறது. அங்கே மழை நவம்பர் வாக்கில் தொடங்கும், அதற்குள் முடித்தாக வேண்டும் என்கிறார். அது முடியும் வரை மகள் வண்டியில் ஏறக்கூடாது என்பது தங்கையின் உத்தரவு. வீட்டுக் கொட்டகையில் நிற்கும் அதன் சுக்கானைப் பிடித்துக் கொள்ள மட்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு அனுமதி உண்டு.